வசூல் ஏஜென்ட்டின் போன் வந்த பிறகு நான் தாமதமாகத் தெரிந்துகொண்டவை

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை, காலை 7.20 மணிக்கு அந்த முதல் போன் வந்தது. "சார், உங்க இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆயிருக்கு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா ஃபீல்டுல ஆள் வருவாங்க." யார் பேசுகிறீர்கள், எந்த ஏஜென்சி என்று எதையுமே நான் கேட்கவில்லை. "சரிங்க சார், ரெண்டு நாள் டைம் குடுங்க சார்" என்று கெஞ்சிவிட்டு வைத்தேன். கை நடுங்கியது. அந்த ஒரே அழைப்பில் மூன்று விதிகள் மீறப்பட்டிருந்தன என்பது எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது. காலை 8 மணிக்கு முன் அழைத்தது ஒன்று. பேசியவர் தன்னை யாரென்று சொல்லாதது இன்னொன்று. என் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைத்ததை வங்கி எனக்கு முன்கூட்டியே தெரிவிக்காதது மூன்றாவது. அதை அன்றே யாராவது சொல்லியிருந்தால், அடுத்த ஐந்து மாதம் போன் மணி அடிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்திருக்காது.

என் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தனியார் வங்கியில் 3 லட்சம் ரூபாய் தனிநபர் கடன், 36 மாதம், மாதம் 10,846 ரூபாய் தவணை. 14 தவணை ஒழுங்காகக் கட்டினேன். வேலை பார்த்த நிறுவனம் சம்பளத்தை நிறுத்தியது, ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து தவணை தவறியது. தவணை பாக்கி என் பொறுப்பு, அதில் மறுப்பு இல்லை. ஆனால் அதற்கு மேல் நான் இழந்தது பெரும்பாலும் விவரம் தெரியாததால் போனது. பவுன்ஸ் கட்டணமாக 9,735 ரூபாய், ஏஜென்ட் ஒருவரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பித் திரும்ப வராத 10,000 ரூபாய். இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

முதலில், போனில் பேசுபவரின் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். தவறிய தவணைகளை அவர்கள் 'பக்கெட்' என்று பிரிக்கிறார்கள். 1 முதல் 30 நாள் தாமதம் ஒரு பக்கெட், 31 முதல் 60 அடுத்தது, 61 முதல் 90 அதற்கடுத்தது. 90 நாள் தாண்டினால் கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். ஆரம்பத்தில் அழைப்பது பெரும்பாலும் கால் சென்டர் டெலிகாலர். நாள் ஏற ஏற கணக்கு வெளி ஏஜென்சிக்குப் போகும், ஃபீல்டு ஆள் வருவார். அவர்களுடைய டார்கெட் முடிவது மாத இறுதியில். உங்கள் கணக்கு அடுத்த பக்கெட்டுக்கு நழுவாமல் ஒரு தவணையாவது வாங்கிவிட்டால் அவருக்குக் கமிஷன். 25-ம் தேதிக்கு மேல் அழைப்புகள் கூடுவதற்கும், "ஒரே ஒரு இ.எம்.ஐ. போடுங்க சார், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்ற கெஞ்சலும் மிரட்டலும் கலந்த பேச்சுக்கும் காரணம் இதுதான். இன்று மாலை 5 மணி என்று அவர் சொல்லும் கெடு அவருடைய டார்கெட்டுக்கான கெடு. சட்டத்தில் அப்படி ஒரு மணி நேரம் இல்லை. அவர் "நான் பார்த்துக்கறேன்" என்பதற்கும் மதிப்பில்லை. வட்டியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் வங்கிக்குத்தான் உண்டு, அழைப்பவருக்கு இல்லை.

இப்போது விதிகள். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், என்.பி.எஃப்.சி.கள் (வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்), வீட்டுக்கடன் நிறுவனங்கள், கடன்களை வாங்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. விடாமல் மாற்றி மாற்றி அழைத்துத் தொல்லை தரக் கூடாது. பெயர் சொல்லாத அழைப்பு, மிரட்டல், பொய்த் தகவல், தகாத குறுஞ்செய்தி எதுவும் கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்துவது, குடும்பத்தினர், நண்பர்கள், கடன் விண்ணப்பத்தில் 'ரெஃபரன்ஸ்' என்று நாம் பெயர் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழைவது, இவையும் தடை. மகளிர் குழுக் கடன் போன்ற நுண்கடன்களுக்கு நேரம் இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரைதான். அங்கே தவணை வாங்குவதும் இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான். கடன்தாரர் அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம்.

எனக்கு மிகவும் வலித்தது ரெஃபரன்ஸ் விஷயம். விண்ணப்பத்தில் என் பழைய சக ஊழியர் ஒருவர் எண்ணையும் அம்மாவின் எண்ணையும் கொடுத்திருந்தேன். செப்டம்பரில் அம்மாவுக்கு ஒரே நாளில் ஆறு அழைப்பு. "உங்க பையன் ஏமாத்திட்டு ஓடிட்டான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறோம்மா" என்று ஒருவர் சொன்னதாக அம்மா அழுதார். அன்றைக்கு எனக்கு வந்த கூச்சத்தில்தான், கேட்காமல் கொள்ளாமல் அந்த 10,000 ரூபாயை ஏஜென்ட் அனுப்பிய எண்ணுக்குப் போட்டேன். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது: ரெஃபரன்ஸ் வேறு, ஜாமீன்தாரர் வேறு. ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டவருக்குக் கடன்தாரருக்குள்ள அதே அளவு பொறுப்பு உண்டு, ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு அதைச் சொல்கிறது. ரெஃபரன்ஸ் என்று யாருடைய எண்ணைக் கொடுத்தோமோ அவருக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் கிடையாது. வீட்டில் உள்ளவர்களிடம் அப்படியே சொல்லிக்கொடுங்கள்: "கடன் வாங்கினவர்கிட்ட பேசுங்க, என்கிட்ட பேச உங்களுக்கு உரிமை இல்லை, உங்க பேர், ஏஜென்சி பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்." இதைச் சொன்ன பிறகு அம்மாவின் எண்ணுக்கு இரண்டே அழைப்புதான் வந்தது.

போலீஸ் மிரட்டலைப் பற்றி. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். வாங்கும்போதே ஏமாற்றும் நோக்கம் இருந்தது, பொய் ஆவணம் கொடுத்தது என்றால்தான் மோசடி என்ற பேச்சு வரும். ஆனால் ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. காசோலை கொடுத்து அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு வரும். கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினால் 2007-ம் ஆண்டுச் சட்டமான கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவு வரலாம். இரண்டுக்கும் ஒழுங்கான வழிமுறை இருக்கிறது. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் வர வேண்டும், அது கைக்கு வந்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு, அதற்குப் பிறகுதான் நீதிமன்றத்தில் புகார். அந்தத் தபால் நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சிவப்பு எழுத்தும் தராசுப் படமும் போட்டு "கைது வாரண்ட் தயார்" என்று வரும் தாளோ வேறு ரகம். எனக்கு வந்த ஒன்றில் வழக்கு எண் இல்லை, நீதிமன்றத்தின் பெயர் இல்லை, தேதி போன வருடத்தியது. கடன் வசூல் ஏஜென்ட் யாருக்கும் வாரண்ட் வாங்கித் தர முடியாது. அந்தத் தாளை அழிக்காதீர்கள். பொய்த் தகவல் சொல்லி மிரட்டியதற்கு அதுவே நல்ல ஆதாரம்.

இனி ஃபீல்டு விசிட். அக்டோபரில் இருவர் வந்தார்கள். அதற்குள் நான் கொஞ்சம் படித்திருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றே பேசினேன். உங்கள் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் வர அவர்களுக்கு உரிமை இல்லை. 2008-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுத்த வழிகாட்டுதல்படி, வருபவர் கையில் மூன்று காகிதம் இருக்க வேண்டும்: அடையாள அட்டை, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், ஏஜென்சியை நியமித்தது பற்றி வங்கி உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல். அதிகாரக் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படியுங்கள். அதில் வங்கியின் பெயர், ஏஜென்சியின் பெயரும் தொலைபேசி எண்ணும், வந்திருப்பவரின் பெயர், எதுவரை செல்லும் என்ற தேதி இருக்கிறதா பாருங்கள். நான் வாங்கிய கடிதத்தில் கீழ் மூலையில் செல்லுபடித் தேதி செப்டம்பர் 30 என்று இருந்தது. அன்றைய தேதி அக்டோபர் 17. "இது முடிஞ்சுபோச்சே சார்" என்று விரலால் காட்டினேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார், கடிதத்தை வாங்கிக்கொண்டு, "புதுசு எடுத்துட்டு வரோம் சார்" என்று கிளம்பிவிட்டார்கள். திரும்ப வரவில்லை. அட்டையையும் கடிதத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு வங்கியின் பொது எண்ணுக்கு அழைத்து அப்படி ஒரு ஏஜென்சி இருக்கிறதா என்று கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் அவர்களே எடுப்பார்கள்.

வீட்டில் உள்ள பொருளை எடுத்துப் போவோம் என்று யாராவது சொன்னால், அடமானம் இல்லாத கடனுக்கு அது வெறும் பேச்சு. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் எவரும் எதையும் ஜப்தி செய்ய முடியாது. தீர்ப்பு வந்தாலும் சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு சிலவற்றைக் காப்பாற்றுகிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில் படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் கருவி, உழவுக் கருவி. தாலியில் கை வைப்போம் என்று பேசுகிறவருக்கு இந்த ஒரு பிரிவு போதும். சம்பளத்திலும் ஒரு பகுதியைத் தொட முடியாது. பி.எஃப். பணத்துக்குத் தனிச் சட்டமே பாதுகாப்பு. வாகனக் கடன் கதை வேறு, அங்கே வண்டியே ஈடு. ஆனாலும் வழியில் மறித்துச் சாவியைப் பிடுங்குவது முறையல்ல. கடனை வசூலிப்பதும் வாகனத்தை எடுப்பதும் சட்ட வழியில்தான் நடக்க வேண்டும், அடியாட்களை வைத்து அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வண்டியை எடுப்பது பற்றிய பிரிவு இருக்க வேண்டும், அதில் எத்தனை நாள் நோட்டீஸ், விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு, ஏலம் எப்படி என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்கடன் என்றால், அடமானச் சொத்தை வங்கி எடுப்பதற்கான சர்ஃபேசி சட்டம் வரும்: 60 நாள் நோட்டீஸ், அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் தர வேண்டும், வங்கி நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலம் அந்தச் சட்டத்தில் வராது.

அடுத்தது, எவ்வளவு பாக்கி என்ற கேள்வி. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். டிசம்பரில் போனில் எனக்குச் சொன்ன தொகை 78,000 ரூபாய். கணக்கு விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கியபோது வந்தது 63,030. ஐந்து தவணை 54,230, பவுன்ஸ் கட்டணம் 6,490, தாமதத்துக்கான பெனல் சார்ஜ் 2,310. இடையில் இருந்த 14,970 ரூபாயை 'விசிட் சார்ஜ், கலெக்‌ஷன் சார்ஜ்' என்று அழைத்தவர் வாயால் சேர்த்திருந்தார். என் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. போனில் சொல்லும் தொகையை ஒருபோதும் கட்டாதீர்கள். 'ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்ட்' கேளுங்கள், வங்கியின் செயலியிலேயே பெரும்பாலும் இறக்கலாம். பெனல் சார்ஜைப் பொறுத்தவரை 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது: அதை வட்டியோடு சேர்த்துப் 'பெனல் வட்டி' என்று போடக் கூடாது, அதன் மேல் வட்டி ஏற்றக் கூடாது. பெனல் சார்ஜுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. கிரெடிட் கார்டில் தாமதக் கட்டணம் கெடு தேதிக்குப் பிறகு மிச்சமுள்ள தொகையின் மேல்தான், மொத்த பில்லின் மேல் அல்ல. 2024 அக்டோபர் 1-க்குப் பின் வாங்கிய சில்லறைக் கடனாக இருந்தால், ஆரம்பத்திலேயே கொடுத்த முக்கிய விவரத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது.

பவுன்ஸ் கட்டணம் எப்படி 9,735 ஆனது என்றும் சொல்ல வேண்டும். ஐந்து மாதத்தில் தவணை ஐந்து தடவைதானே திரும்பியிருக்க வேண்டும்? ஆட்டோ டெபிட்டை 11 முறை போட்டார்கள். ஒவ்வொரு முறைக்கும் கடன் கொடுத்த வங்கி 590 ரூபாய், என் சம்பளக் கணக்கு இருந்த வங்கி 295 ரூபாய். முதல் மாதமே, "இந்தத் தேதிவரை கணக்கில் பணம் இருக்காது, மறுபடி மறுபடி போடாதீர்கள், பணம் வந்ததும் நானே செயலியில் கட்டுகிறேன்" என்று கடன் கொடுத்த வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். தாமதமாக அதைக் கேட்டு எழுதியபோது, ஒரே மாதத்தில் இரண்டாவது முறை போட்டதற்கான கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அதாவது கேட்டால் கிடைக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: கடனும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், வந்த சம்பளத்தின் மேலேயே அவர்கள் பிடித்தம் வைக்க முடியும். மாத வாடகையும் மருந்துச் செலவும் அதில்தான் என்றால், சம்பளக் கணக்கை முன்கூட்டியே வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

அந்த 10,000 ரூபாயைப் பற்றி. பணம் கட்டினால் வங்கியின் செயலி, வங்கியின் கிளை, அல்லது வங்கியின் பெயரில் வரும் இணைப்பு. ரொக்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அச்சிட்ட எண் உள்ள ரசீது கையோடு வாங்குங்கள், உங்கள் கடன் எண் அதில் எழுதியிருக்க வேண்டும். ஏஜென்ட் அனுப்பும் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். நான் ஸ்கிரீன்ஷாட் வைத்து வங்கியில் கேட்டபோது, அந்த எண் ஏஜென்சியின் பதிவில் இல்லை என்ற பதில்தான் வந்தது. அந்த ஆள் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்.

இவற்றுக்கெல்லாம் ஆதாரம் வேண்டும். போனில் பேசுவது அவர்களுடைய ஆடுகளம். எழுத்து உங்களுடையது. ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் நாள், நேரம், எண், பேர், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பல போன்கள் பழைய அழைப்புகளைத் தானாக அழித்துவிடும். முடிந்தால் பேச்சைப் பதிவு செய்யுங்கள். வங்கிகளின் வசூல் அழைப்புகளும் பதிவு செய்யப்பட வேண்டியவைதான், புகாரில் "உங்கள் பதிவை எடுத்துக் கேளுங்கள்" என்று நாளும் நேரமும் கொடுத்தால் அவர்களால் மழுப்ப முடியாது. அழைப்பவரிடம் ஒரே பாட்டைப் பாடுங்கள்: "எதுவா இருந்தாலும் என் பதிவு செஞ்ச மெயிலுக்கு எழுதி அனுப்புங்க, நான் எழுத்துல பதில் சொல்றேன்." கோபப்படாதீர்கள், அழாதீர்கள், கட்ட முடியாத தேதியைச் சொல்லாதீர்கள். நான் சொன்ன ஒவ்வொரு பொய்த் தேதியும் அடுத்த மிரட்டலுக்குத் தீனியாகத்தான் போனது.

புகார் எப்படி எழுதுவது? நவம்பரில் நான் எழுதியது ஒன்றரைப் பக்கம்தான். மேலே கடன் எண். எந்த நாளில் எந்த நேரத்தில் எந்த எண்ணிலிருந்து என்ன நடந்தது என்று ஒன்பது வரி. எந்த விதி மீறல் என்று அருகிலேயே. என் வருமானம் நின்ற தேதி, அதற்கான கடிதம், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற என் முன்மொழிவு. கடைசியில் நான் கேட்டவை நான்கு: ஏஜென்சியின் பெயரும் நியமனக் கடிதமும், முழுக் கணக்கு விவரம், மூன்றாம் நபர்களை அழைப்பதை நிறுத்துவது, எழுத்தில் பதில். வங்கியின் குறைதீர் பிரிவுக்கும், புகார்களுக்குப் பொறுப்பான நோடல் அதிகாரிக்கும் மின்னஞ்சல், ஒரு நகல் பதிவுத் தபாலில். கட்டும் மனம் இருக்கிறது என்பதை எழுத்தில் காட்டுவது முக்கியம், பிற்பாடு எந்த மேசைக்குப் போனாலும் அது உங்களுக்காகப் பேசும். 2008 வழிகாட்டுதலில் பலருக்கும் தெரியாத ஒரு வரி உண்டு: கடன்தாரரின் புகார் நிலுவையில் இருக்கும்வரை வங்கி அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது, வேண்டுமென்றே பொய்ப் புகார் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார் என்று ஆதாரம் இருந்தால் தவிர. அந்த வரியை அப்படியே என் கடிதத்தில் போட்டேன். 26-வது நாள் பதில் வந்தது. அம்மாவுக்கு வரும் அழைப்பு அன்றோடு நின்றது.

பதிலே வராமல் 30 நாள் ஆனாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதன் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்படி, புகார் பதிவதற்கான சி.எம்.எஸ். இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. 2021 நவம்பரில் தொடங்கிய திட்டத்தில் இழப்புக்கு 20 லட்சம் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக 1 லட்சம் வரையும் ஈடு தர உத்தரவிட முடிந்தது, இப்போதைய வரம்பை அந்தத் தளத்தில் பாருங்கள். ஆனால் வங்கியிடம் முதலில் எழுதாமல் நேராக அங்கே போனால் தள்ளிவிடுவார்கள், அதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். அடிப்போம், கொல்லுவோம் என்ற மிரட்டலுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டாம், அது காவல் நிலையத்துக்கான விஷயம். பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) குற்றமுறு மிரட்டல் 351-வது பிரிவு, மிரட்டிப் பணம் பறித்தல் 308. தமிழக சட்டப்பேரவையும் 2025 ஏப்ரலில் கடன் வசூலில் கட்டாயப்படுத்துவதைத் தண்டிக்கும் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. கந்துவட்டிக்கு 2003-லிருந்தே தனிச் சட்டம் உண்டு.

கடன் செயலிகளில் மாட்டியவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ரிசர்வ் வங்கியின் விதிப்படி எந்தச் செயலியும் உங்கள் போனின் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், புகைப்படங்களைத் தொடக் கூடாது. கடன் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும். படத்தை மார்ஃபிங் செய்து அனுப்புகிறார்கள் என்றால் அவர்களிடம் பேரம் பேசாதீர்கள், பணம் கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். பதிவில்லாத நிறுவனமா என்ற சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் சசெத் தளத்தில் புகார் செய்யலாம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பதைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். இதில் பிள்ளைகள் உயிரை விட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பழைய கடன்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடமானமில்லாத கடனுக்கு வழக்குப் போட காலவரையறை பொதுவாக 3 ஆண்டு. அந்தக் கெடுவுக்குள் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தாலோ, எழுத்துப் பதிவோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ, அன்றிலிருந்து மூன்றாண்டு புதிதாக ஓடத் தொடங்கும். கெடு முடிந்த பிறகும், கட்டுகிறேன் என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகவே நிற்கும். "சும்மா ஐநூறு ரூபாய் டோக்கனா போடுங்க சார்" என்ற இனிமையான பேச்சுக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். எந்த ஆண்டில் கடைசியாகக் கட்டினீர்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள். அதே போல, நீதிமன்றச் சம்மனையும் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பது) நோட்டீஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விரைவாக முடிக்கும் சுருக்க வழக்காக இருந்தால் ஆஜராவதைத் தெரிவிக்க 10 நாள்தான். போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. ஆர்பிட்ரேட்டரை வங்கி தானாகவே நியமித்திருந்தால் அதை முதல் கடிதத்திலேயே எழுத்தில் ஆட்சேபியுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100-ல் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசம்.

முடிக்கும்போது 'செட்டில்மென்ட்' என்ற வார்த்தையில் கவனம். குறைத்த தொகைக்கு முடித்துக்கொண்டால் கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும், பல ஆண்டு அது அங்கேயே நிற்கும், அடுத்த கடன் கேட்கும்போது உறுத்தும். முழுதாகக் கட்டினால் 'குளோஸ்டு'. வேறு வழியே இல்லாதவருக்கு செட்டில்மென்ட் தவறில்லை. ஆனால் தொகை, கெடு தேதி, மிச்சம் முழுவதும் தள்ளுபடி என்ற வரி, மூன்றும் வங்கியின் லெட்டர்ஹெட்டில் வந்த பிறகுதான் பணம். எனக்கு 2025 ஜனவரியில் வேலை கிடைத்தது. பாக்கியை மூன்று தவணையாகக் கட்ட எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன், ஜூனில் மொத்தத்தையும் முன்கூட்டியே முடித்தேன். பாக்கி எதுவும் இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி. கடிதம் கைக்கு வந்தும் ரிப்போர்ட்டில் பாக்கி என்றே காட்டியது. ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொரு கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனத்திடமும் இலவசம், எடுத்துப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு ஈடு தர வேண்டும். எனக்கு 24 நாளில் சரியானது.

அதற்கு ஆறு மாதம் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து, அந்தப் பழைய கடனில் இன்னும் பாக்கி என்று ஒருவர் அழைத்தார். மாலை 6.40. பெயரும் ஏஜென்சியும் கேட்டேன், சொன்னார், எழுதிக்கொண்டேன். என்.ஓ.சி.யின் தேதியையும் அதிலிருந்த கடிதக் குறிப்பு எண்ணையும் படித்துக் காட்டி, பாக்கி இருந்தால் கணக்கு விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். "லிஸ்ட்ல பழைய டேட்டா வந்திருக்கு சார், சாரி" என்று வைத்துவிட்டார். அந்த என்.ஓ.சி.யின் ஒரு நகல் போனில் இருக்கிறது, ஒன்று அம்மாவின் பீரோவில்.